பின்லாந்தில் ஏன் இத்தனை ஏரிகள்?

எல்லாம் பனிப்பாளம் பார்த்த வேலை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பின்லாந்தின் மேல் கிலோமீட்டர் கணக்கில் தடிமனான பனி கிடந்தது. சும்மா கிடக்கவில்லை, மெல்ல நகர்ந்தது. அடியில் சிக்கிய கற்கள் உப்புத்தாள் போலப் பாறையைத் தேய்த்தன. அங்குள்ள பாறைகளைத் தடவினால், ஒரே திசையில் ஓடும் கீறல்கள் இன்றும் விரலில் தட்டுப்படும். இப்படிக் குடைந்த பள்ளங்களில் நீர் தேங்கியது. சிறு குட்டைகளையும் சேர்த்தால் சுமார் 1,88,000 ஏரிகள்!

எனக்கு இதைவிட வியப்பு, அப்புறம் நடந்ததுதான். பனி உருகிப் பாரம் இறங்கியதும், அதனடியில் அமுங்கிய தரை எழத் தொடங்கியது, இன்னும் நிற்கவில்லை. வாசா நகரப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர் உயர்கிறது. அங்கே கடல் விலகி, துறைமுகம் மேடாகிவிட்டது. 1852இல் ஊர் தீப்பிடித்து அழிந்ததும், சில கிலோமீட்டர் தள்ளிக் கடலோரமாகவே புது ஊரைக் கட்டிக்கொண்டார்கள்.