கிடந்தாரா, கிடத்தினாரா: ஆங்கில வினைகளில் சறுக்கும் இடம்

கேள்வி: உயர்தரம் முடித்துவிட்டு டோஃபல் ஐ.டி.பி. என்ற அமெரிக்க ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கிறேன். வினைகளின் மூன்று வடிவங்களும் பாடம். இருந்தும் லை, லே, ரைஸ், ரெய்ஸ் வந்தால் பிழைத்துப்போகிறது. 'ரெக்கமென்ட்' வரும் வசனங்களில் 'எஸ்' இல்லாத விடையைச் சரி என்கிறார்கள். ஏன்? (வாசகி, கொக்குவில்)

பதில்: பாடமாக்கிய பட்டியலிலேதான் பொறி இருக்கிறது. 'கிட' என்ற பொருள் தரும் வினை லை, லே, லெய்ன் என்று போகும். 'கிடத்து', 'வை' என்ற பொருள் தருவது லே, லெய்ட், லெய்ட். முதலாவதின் இறந்தகாலமும் இரண்டாவதின் நிகழ்காலமும் ஒரே சொல்; எழுத்தும் ஒன்றுதான்: எல், ஏ, வை. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? (பொய் சொல்லும் லை வேறு வினை. அதற்கு இறந்தகாலம் லைட். எல், ஐ, ஈ, டி.)

பட்டியலை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்த தன்வினை, பிறவினையை எடுங்கள். கிட, கிடத்து. எழு, எழுப்பு. இரு, இருத்து. விழு, வீழ்த்து. ஆங்கிலத்தில் இவற்றுக்கு நேராக லை, லே; ரைஸ், ரெய்ஸ்; சிட், செட்; ஃபோல், ஃபெல். தமிழில் இப்படிச் சோடிகள் ஏராளம். ஆங்கிலத்தில் அந்தப் பழைய முறை அழிந்து, ஒருசில சோடிகளே எஞ்சியிருக்கின்றன. ஃபெல் என்பதிலும் அதே பொறிதான்: 'விழுந்தது' என்பதும் ஃபெல், பனையைத் 'தறித்து வீழ்த்து' என்பதும் ஃபெல். தறித்தது ஃபெல்ட்.

ஒரு வினாவைச் செய்து பார்ப்போம். 'யெஸ்டர்டே தி ஓல்ட் மேன் ____ ஒன் தி பெஞ்ச் ஃபோர் ஏன் அவர்.' விடைகள்: லெய்ட், லே, லெய்ன், லைட். முதலில், வாங்கில் கிழவர் கிடந்தாரா, கிடத்தினாரா? கிடந்தார். எதைக் கிடத்தினார் என்று கேட்டால் வசனத்தில் பதில் இல்லை. ஆகவே லெய்ட் போய்விட்டது. அடுத்தது காலம். 'யெஸ்டர்டே' நிற்பதால் இறந்தகாலம். கடைசியாக, இடைவெளிக்கு முன்னால் ஹேவ், ஹேஸ், ஹேட் ஏதாவது உண்டா? இல்லை. விடை லே. ஹேட் இருந்திருந்தால் லெய்ன். பலர் லெய்ட்டை அடையாளமிடுவது, கடைசியில் 'டி' ஒலித்தால் இறந்தகாலம் என்று காது பழகிவிட்டதால்.

செயப்பாட்டு வினையில் மட்டும் 'எதை?' என்ற கேள்வி கைவிடும். 'தி கேபிள்ஸ் வேர் ____ அண்டர் தி சீ' என்பதில் இடைவெளிக்குப் பின்னால் செயப்படுபொருள் இல்லை. அது எழுவாயாக முன்னுக்கு வந்துவிட்டது. வாஸ், வேர் முன்னால் நிற்க, லெய்ன், லெய்ட் இரண்டும் விடைகளில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், லெய்ட்தான். தன்வினைக்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது. ஆனால் லையிங், லேயிங் என்று கொடுத்திருந்தால் பழையபடி 'எதை?' என்று கேளுங்கள். முட்டையிடும் கோழி மட்டும் விதிவிலக்கு. 'முட்டை' என்ற சொல் இல்லாவிட்டாலும் அது லேயிங்தான். நாங்களும் 'கோழி இடுகிறது' என்றுதானே சொல்கிறோம்.

ரைஸ், ரெய்ஸுக்கு ஏறு, ஏற்று இன்னும் வசதி. விலை ஏறியது என்றால் ரோஸ். அரசாங்கம் விலையை ஏற்றியது என்றால் ரெய்ஸ்ட். ஹேங் என்பதில் உடுப்பைக் கொடியில் தொங்கவிட்டால் ஹங், ஆளைத் தூக்கிலிட்டால் ஹேங்ட். அவ்வளவுதான்.

இனி ரெக்கமென்ட். 'தி டொக்டர் ரெக்கமென்டட் தட் ஹீ டேக் எ ரெஸ்ட்.' டேக்ஸ் அல்ல, டுக்கும் அல்ல. தமிழில் 'அவன் ஓய்வெடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார்.' அவன், அவள், அவர்கள் யாராக இருந்தாலும் 'எடுக்க வேண்டும்' மாறுவதில்லை. டொக்டர் நேற்றுச் சொன்னாலும் மாறுவதில்லை. ஆங்கிலத்தின் வெறும் வினையும், அதாவது 'எஸ்', 'இங்' எதுவும் சேராத, காலம் காட்டாத வடிவமும், அப்படித்தான். சஜெஸ்ட், டிமாண்ட், இன்சிஸ்ட், ரிக்குவெஸ்ட், 'இட் இஸ் எசென்ஷல்', 'இட் இஸ் இம்போர்டன்ட்' ஆகியவற்றுக்குப் பின் 'தட்' வந்தால் இதைத் தேடுங்கள். இஸ், வாஸ் வரவேண்டிய இடத்தில் பீ வரும். எதிர்மறைக்கு வினைக்கு முன்னால் நொட் மட்டும், டஸ் நொட் அல்ல. எங்கள் பாடசாலை ஆங்கிலம் பிரித்தானிய வழி என்பதால் 'ஷுட் டேக்' என்று எழுதிப் பழகியிருப்பீர்கள். அதுவும் பிழையில்லை. அமெரிக்கப் பரீட்சை எதிர்பார்ப்பது வெறும் வினையை.

இன்சிஸ்ட்டில் கவனம். 'தான் வீட்டில்தான் இருந்ததாக அவர் சாதித்தார்' என்ற பொருளில் வந்தால் வழமையான காலமே வரும், அதாவது வாஸ். தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'வேண்டும்' வந்தால் வெறும் வினை, வராவிட்டால் காலம் காட்டும் வினை.

தமிழ் காலை வாரும் இடமும் ஒன்று உண்டு. 'புத்தகம் வைத்திருக்கிறேன்' என்பதை அப்படியே பெயர்த்தால் 'ஐ ஆம் ஹேவிங் எ புக்' வந்துவிடும். உடைமையைச் சொல்லும் ஹேவ், தெரியும் என்ற நோ, சொந்தம் என்ற பிலோங், இவற்றுக்கு 'இங்' சேராது.

டோஃபல் ஐ.டி.பி. முதல் நிலைத் தாளின் இலக்கணப் பகுதியில் 40 வினாக்கள், 25 நிமிடம். வினாவுக்கு 37 செக்கன் சொச்சம். அதனால் இடைவெளி நிரப்பும் முதல் 15 வினாக்களில் விடைகளை முதலில் பாருங்கள். இரண்டு வினைகளின் வடிவங்கள் கலந்திருந்தால் 'எதை?' என்று தொடங்குங்கள். ஒரே வினையின் வடிவங்களே நான்கும் என்றால் நேரே காலத்துக்குப் போங்கள். மிச்சம் 25இலும் கோடிட்ட நான்கில் பிழையானதைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே லெய்ட், ரெய்ஸ், செட் எதற்காவது கீழே கோடு இருந்தால் மற்ற மூன்றையும் விட்டு அதை முதலில் சோதியுங்கள்.