768 கோட்டுத் திரைக்கு 720-ஆ, 1080-ஆ?

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது 32 அங்குல ‘எச்.டி. ரெடி’ டிவி. திரையின் அளவு 1366×768 என்று கையேட்டில் இருக்கிறது. புதிதாக வாங்கிய எச்.டி. செட்டாப் பாக்ஸில் 576ஐ (576i), 720பி (720p), 1080ஐ (1080i), 1080பி (1080p) என நான்கு தேர்வுகள் உள்ளன. 768-க்கு அருகில் இருப்பது 720 என்பதால் அதையே வைத்திருக்கிறேன். ஆனால் படம் சற்று மங்கலாகத் தெரிகிறது. எது சரி?

பதில்: 1080ஐ அல்லது 1080பி-க்கு மாற்றிவிடுங்கள்.

எண்ணைப் பார்த்தால் 720-தான் நெருக்கம். ஆனால் படம் திரைக்கு வரும் வழியைப் பாருங்கள். இந்திய எச்.டி. சேனல்கள் பெரும்பாலும் 1080ஐ வடிவில் வருகின்றன. நீங்கள் 720பி வைத்திருப்பதால், பாக்ஸ் அந்த 1080 கோடுகளை முதலில் 720 ஆகக் குறைக்கிறது. அடுத்து, டிவி அதை 768 ஆக நீட்டுகிறது. அதாவது ஒவ்வொரு 15 கோட்டையும் 16 ஆக்கியாக வேண்டும். கூடுதலான அந்த ஒரு கோட்டுக்காக அக்கம்பக்கத்துக் கோடுகளையெல்லாம் கலந்து குழைக்கிறது. நீங்கள் காணும் மங்கலில் பெரும்பங்கு இதனால்தான். 1080 கோடுகளையும் அப்படியே அனுப்பினால் அளவு மாற்றம் ஒரே முறை, அதுவும் குறைக்கும் திசையில் மட்டும் நடக்கும். பாக்ஸ் ஒருமுறை தொலைத்த நுணுக்கத்தை எந்த டிவியாலும் மீட்க முடியாது.

இனி, ஐ-யா பி-யா? 1080ஐ என்பது ஒற்றைப்படைக் கோடுகளையும் இரட்டைப்படைக் கோடுகளையும் மாற்றி மாற்றி, 540 கோடுகளாக அனுப்பும் முறை. இரண்டையும் கோத்து முழுப் படமாக்கும் வேலையை 1080ஐ வைத்தால் டிவி செய்யும், 1080பி வைத்தால் பாக்ஸ் செய்யும். இரண்டில் எது திறமையானது என்பதை உங்கள் வீட்டில்தான் சோதிக்க முடியும். செய்திச் சேனலின் அடியில் ஓடும் எழுத்துகளைக் கவனியுங்கள். கிரிக்கெட்டில் மட்டை வீசப்படும்போது அதன் விளிம்பைக் கவனியுங்கள். சீப்புப் பற்கள் போலக் கோடுகள் பிரிந்து தெரிந்தால் மற்றதற்கு மாறுங்கள். இரண்டிலும் அப்படியே தெரிந்தால் மட்டும் 720பி-க்குத் திரும்பலாம். 1080பி-யில் 50, 60 என்று இரண்டு இருந்தால் 50-ஐத் தேர்ந்தெடுங்கள். நம் ஒளிபரப்பு நொடிக்கு 50 முறை படம் மாறும் கணக்கில் வருவது. 60 வைத்தால் ஓடும் எழுத்துகள் விட்டுவிட்டு நகரும்.

576ஐ பழைய டிவிகளுக்கானது, விட்டுவிடுங்கள். ஆனால் உங்கள் பாக்ஸ் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட வயரில் இணைந்திருந்தால், எந்தத் தேர்வை வைத்தாலும் திரைக்கு வருவது 576ஐ மட்டுமே! எச்டிஎம்ஐ வயர் போட்ட பிறகுதான் மேலே சொன்ன அனைத்துக்கும் பொருள் உண்டு. எச்.டி. சேனலுக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு மூவண்ண வயரில் படம் பார்க்கும் வீடுகளைக் கண்டு நான் உண்மையாகவே வருந்தியிருக்கிறேன்.

டிவியின் பட அளவு அமைப்பையும் ஒருமுறை பாருங்கள். பல டிவிகள் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுகின்றன. ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ போன்ற பெயரில் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் அந்த வெட்டு நின்றுவிடும்.

இதே டிவியில் மடிக்கணினியை இணைத்தால் கணக்கு வேறு. அங்கே 1366×768 என்ற தேர்வு கிடைத்தால் அதுவே சிறந்தது. புள்ளிக்குப் புள்ளி பொருந்துவதால் எழுத்துகள் தெளிவாக இருக்கும்.

1080-க்கு மாற்றியும், 1080 கோடுகள் கொண்ட முழு எச்.டி. திரைக்கு ஏங்குகிறீர்கள் என்றால், உட்காரும் தூரத்தை அளந்து பாருங்கள். 32 அங்குல 768 திரையின் புள்ளிகளை, நல்ல பார்வை உள்ளவர்கூட ஏறக்குறைய 6 அடிக்கு அப்பால் தனித்தனியாகப் பிரித்துக் காண முடியாது. சோபா 10 அடியில் இருந்தால் புது டிவிக்குச் செலவிட வேண்டாம்.