இறங்கும்போது வரும் சிரிப்பு

வணக்கம் அண்ணா,

இரவுச் சமையல் முடிந்த பிறகு உங்கள் தளத்தை வாசிக்கிறவள் நான். மகன் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்காக நிற்கிறான். இரவானால் ‘வோர் தண்டர்’ என்ற விமானச் சண்டை விளையாட்டுத்தான். கூட்டாளிமார் இரண்டு பேர் கொக்குவிலில், ஒருவன் ரொறன்ரோவில். சுடுகிற நேரம் இவன் வாயே திறப்பதில்லை. திரும்பி வந்து இறங்கும்போதுதான் வீடு அதிரச் சிரிப்பு. எட்டிப் பார்த்தால் விமானம் தலைகீழாகக் கிடந்து எரியும். இவ்வளவு நன்றாகச் சுடுகிற பெடியளுக்கு இறங்க மட்டும் ஏன் வருகுதில்லை? இது முதலாவது கேள்வி.

மற்றது, நான் பங்கருக்குள் வளர்ந்த பிள்ளை. அவன் சில நாளில் ஸ்பீக்கரில் போட்டு விளையாடுவான். விமானம் பதிகிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும். அந்த விளையாட்டில், எங்கட ஊரில் குண்டு போட்ட கிபிர் ஜெட்டும் இருக்கிறதாம். எங்கட பிள்ளைகள் இதைப் பார்த்துச் சிரிக்கலாமா? நீங்களும் விளையாடுகிறவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

வாசகி, உரும்பிராய்

அன்புள்ள தங்கச்சிக்கு,

இறங்குகிற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகன் விளையாடுகிற ஆட்டவகையில் சும்மா பறந்துகொண்டே இருக்க முடியாது. குண்டு தீர்ந்தால், இறக்கையில் ஓட்டை விழுந்தால், தன் பக்கத்து விமானத்தளத்துக்குத் திரும்பி வந்து இறங்கினால்தான் திருத்தி, நிரப்பி, மறுபடி கிளம்பலாம். கூட்டாளிமார் அங்கே அடிபட்டுக்கொண்டு நிற்க, இவன் இங்கே அந்தரப்பட்டு இறங்குவான். சண்டையில் வேகம்தான் உயிர். அதைச் சேர்த்து வைத்திருக்கிறவன் தப்புவான், இழந்தவன் செத்தான். இறங்க வந்தாலோ அதுவரை பொத்திப் பொத்தி வைத்த அந்த வேகத்தையெல்லாம் தானாகவே கொட்டித் தீர்க்க வேண்டும். ஸ்பிட்பயர் தளத்தின் எல்லையைத் தாண்டும்போது மணிக்கு 150 கிலோமீற்றரை ஒட்டித்தான் வரவேண்டும். எங்கட வீரர்கள் அதை 400இல் கொண்டுவருவார்கள். வந்த வேகத்திலேயே கியரையும், அதாவது சில்லுக்கால்களையும், இறக்கையின் பின்விளிம்பில் இருக்கிற பிளாப் என்ற தட்டுகளையும் இறக்கினால் காற்று அவற்றைப் பிய்த்தெடுத்துவிடும். அந்த விளையாட்டில் இதை ஒளிக்காமல் காட்டுவார்கள்.

“மச்சான், கியர் போட்டனியோ?”

“ஓமடா, போட்டிட்டன்.”

“உன்ர கியர் அங்க மரத்தில தொங்குது.”

கோண்டாவிலில் என்னுடைய தங்கச்சி மகனுக்குப் பக்கத்தில் இருந்து நான் கேட்ட உரையாடல் இது. அவனுடைய கூட்டத்திலும் ரொறன்ரோவில் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு அங்கே காலை. கோப்பி குடித்தபடி நக்கலடிப்பது முழுக்க அவன்தான்.

வேகத்தைக் குறைத்து வந்தாலும் கதை முடியாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சண்டை விமானங்களில் பலவற்றுக்கு முன்பக்கம் இரண்டு பெரிய சில்லு, வாலில் ஒரு குட்டிச் சில்லு. பாரத்தின் நடுப்புள்ளி பெரிய சில்லுகளுக்குப் பின்னால் இருக்கும். கரியரில் அரிசி மூட்டை கட்டின சைக்கிளை வளைவில் இறுக்கிப் பிறேக் பிடித்துப் பாருங்கள், பின்பக்கம் உங்களை முந்தப் பார்க்கும். இங்கேயும் அதேதான். மூக்குக் கொஞ்சம் விலகினால் வால் சுழன்றுகொண்டு முன்னுக்கு வரும். பயத்தில் பிறேக்கை அமத்தினால் மூக்குக் குத்தி வால் மேலே நிற்கும். முன்சில்லு கொஞ்சம் பலமாகக் குத்தினாலோ வால் கீழே விழும், மூக்கு நிமிரும், இறக்கையில் காற்று மறுபடி ஏறும், விமானம் துள்ளும். துள்ளினதை அடக்க இவன் மூக்கை அமத்துவான். அடுத்த துள்ளல் இன்னும் பெரிது.

இதில் ஜேர்மன்காரரின் மெசர்ஷ்மிட் 109 தனி ரகம். இறக்கையைக் கழற்றினாலும் விமானம் தன் காலில் நிற்கவேண்டும் என்று கால்களை உடம்போடு பொருத்திவிட்டார்கள். திருத்துகிறவர்களுக்கு வசதிதான். ஆனால் கால்கள் கிட்டக் கிட்ட நிற்பதால், இறங்குகிறவன் ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கை நிலத்தைக் கீறும். உண்மைப் போரிலேயே இறங்கும்போதும் ஏறும்போதும் நொறுங்கிய 109கள் ஏராளம்.

அந்தக் காலப் பயணிகள் விமானமான டக்கோட்டாவுக்கும் சில்லு வாலில்தான். 1947 டிசம்பர் 10இல் எயர் சிலோனின் முதல் பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மெட்ராசுக்குப் போனது டக்கோட்டாவில். ஆக, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் போட்ட பலாலித் தளத்துக்கும் இந்த வாற்சில்லுக்காரர் புதியவர்கள் இல்லை.

இவ்வளவும் இயந்திரத்தின் குற்றம். மனிதக் குற்றம் இதைவிடப் பெரிது. பெடியள் அநேகமாக மௌஸால்தான் ஓட்டுகிறார்கள். மௌஸை எங்கே திருப்பினால் விமானம் அங்கே போகும். போகாமல் சும்மா பார்க்க மட்டும் வேண்டுமென்றால் அதற்கு வேறொரு விசையை அமத்திப் பிடிக்கவேண்டும். ஒருநாள் மருமகனுக்கு முன்னால் இறங்கியவன் மூக்குக் குத்தி, வால் வானத்தைப் பார்க்க ஓடுபாதை நடுவில் நின்றான். பின்னால் வந்துகொண்டிருந்த எங்கட ஆள் அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரிக்க ஆசைப்பட்டு, விசையை மறந்து, மௌஸை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினான். விமானமும் மரியாதையாகத் திரும்பியது. திரும்பி, அவனுக்கு மேலேயே போய்க் குந்தியது. இரண்டும் சேர்ந்து வெடித்த பிறகு ஹெட்செற்றில் ஒரு குரல்: “பாக்க வந்தனியோ, ஏற வந்தனியோ?”

ஓடுபாதையின் இரண்டு தொங்கலாலும் ஒரே நேரத்தில் இறங்கி நடுவில் முட்டுப்படுவதும் உண்டு. 2022இல் கரண்ட் பதின்மூன்று மணித்தியாலம் வரை போன நாட்களில், சில்லு நிலத்தைத் தொடுகிற நேரம் பார்த்துத் திரை இருளும். அந்த விமானங்கள் எங்கே போய் நின்றன என்று யாருக்குத் தெரியும்!

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி.

அவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கவனியுங்கள். ஐந்து விமானம் விழுத்தினவன், யாருமே சுடாமல், வெட்டவெளியில், தன் தளத்தில், தானே தன்னை விழுத்துகிறான். விழுந்தவன்தான் முதலில் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பில் எதிரி என்று யாரும் இல்லை. அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

எனக்கு ஒட்டாதது வேறு. அதே விளையாட்டில் குண்டு போடுகிற வேலையும் இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் நிலத்தில் ஒரு குறி தெரியும். அதற்குள் போட்டால் புள்ளி. குறிக்குள் வீடு இல்லை, ஆடு மாடு இல்லை, ஓடுகிற ஆட்கள் இல்லை. அப்படி ஒரு குறிக்குள் கீழே இருந்தவர்கள் நாங்கள். சுடுகிற நேரம் மகன் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சிரிப்பைவிட அந்த அமைதியைப் பற்றித்தான் நான் அவனோடு கதைக்க விரும்புவேன்.

கிபிர் இருக்கிறது, உண்மைதான். விளையாட்டின் இஸ்ரேல் விமானப் பட்டியலில் வருகிறது. நான் அதைத் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன். அது என்னுடைய வயிற்றுக்கலக்கம். 1996இல் அது இலங்கை விமானப்படைக்கு வந்தபோது நான் ஊரில் இருந்தேன். போர் முடிந்த 2009இல் உங்கள் மகன் சின்னப்பிள்ளை. அவனுக்கு அது முக்கோண இறக்கையுள்ள ஒரு வேகமான ஜெட், அவ்வளவுதான். தொடாதே என்று தடை போட்டால் ஏனென்று தெரியாமல்தான் விடுவான். ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லுங்கள், அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பங்கர் எங்கே வெட்டினீர்கள், மேலே பனங்குத்தி எத்தனை வரிசை, மழைக்குத் தண்ணி நின்றால் என்ன செய்தீர்கள் என்பதெல்லாம் அவன் உங்களிடம் கேட்டிருக்க மாட்டான். என் மருமகன் கேட்டதில்லை. நான் சொன்ன பிறகு ஒருநாள் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.

விருப்பமென்றால் நீங்களும் ஒருதரம் இறங்கிப் பாருங்கள். பகடியாகச் சொல்லவில்லை. சோதனைப் பறப்பு என்று ஒன்று இருக்கிறது, அதில் உங்களைச் சுட யாரும் வரமாட்டார்கள். மகன் ஸ்பிட்பயரைத் தருவான், வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் மூக்கு நீளம், நேரே வந்தால் ஓடுபாதையே தெரியாது. ஐராகோப்ரா கேளுங்கள். அமெரிக்காவில் செய்து ரஷ்யர்கள் கொண்டாடிய விமானம். எஞ்சின் விமானிக்குப் பின்னால், சில்லு மூக்குக்குக் கீழே, அதனால் வால் சுழன்று முன்னுக்கு வராது. தூரத்திலேயே ஓடுபாதைக்கு நேராக வந்துவிடுங்கள். வேகம் 200க்கு இறங்கும்வரை அவசரப்படாதீர்கள். பின்சில்லு இரண்டும் முதலில் தொடட்டும், மூக்கு தானாக இறங்கும். அதற்குப் பிறகுதான் பிறேக்.

பக்கத்தில் நின்று “அம்மா கியர், அம்மா கியர்” என்று கத்துவான். கத்தட்டும்.