வாசகர் கேள்வி: ஆளுக்கொரு கம்ப்யூட்டர்

கே: பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கொடுத்துவிட்டால் படிப்பு உயர்ந்துவிடுமா?
- வாசகி ஒருவர், பெரம்பூர்

ப: கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் கொடுத்த கையோடு படிப்பும் வந்துவிடும் என்று நினைத்தால் பெரு நாட்டைப் பாருங்கள். நூறு டாலர் லேப்டாப் என்று 2005-இல் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே அறிவித்தாரே, அந்தப் பச்சை வெள்ளைப் பெட்டியை (விலை நூறுக்கு இறங்கவே இல்லை, அது வேறு கதை) 8 லட்சத்துக்கும் மேல் வாங்கி மலைக்கிராமங்கள் வரை கொடுத்தார்கள். 2012-இல் வந்த ஆய்வில் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. பாதிக்கப்பட்டதாகவும் தெரியவில்லை, அவ்வளவுதான். அங்கே பல பள்ளிகளில் அப்போது இன்டர்நெட்டே கிடையாது. உருகுவே நாடோ 2007-இல் இதே மாதிரித் திட்டத்தை ஆரம்பித்தபோது லேப்டாப்போடு பள்ளிகளுக்கு இணைய வசதியையும் சேர்த்தே கொண்டுபோனது.

நம்மூரிலும் 2011-இல் இலவச லேப்டாப் வந்தது. அண்ணன் வாங்கியதைத் தங்கை ஓட்டும் வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்க்கலாம். பேட்டரி செத்துப்போய், சார்ஜரைச் செருகியே வைத்தால்தான் உயிர் வரும், இரண்டு கீ உதிர்ந்திருக்கும். ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனால் சரிசெய்து தருவார்கள், சரி, அந்தக் காசு யார் கொடுப்பது? திட்டம் போடுகிறவர்கள் வாங்கும் விலையோடு நின்றுவிடுகிறார்கள். அதனால் உங்கள் பிள்ளைக்குக் கிடைத்தால் சந்தோஷமாக வாங்குங்கள், அப்புறம் பள்ளியில் இரண்டே விஷயம் கேளுங்கள்: ரிப்பேர் ஆனால் எங்கே போவது, டீச்சர் இதை வைத்து எந்தப் பாடம் நடத்தப்போகிறார்.