ஜாவாஸ்கிரிப்டில் 9-க்கு முன்னால் 10 வருவது ஏன்?

கேள்வி: 1, 9, 10 மூன்றையும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் சார்ட் செய்தால் (வரிசைப்படுத்தினால்) 1, 10, 9 என்று வருவதாக மீம்கள் சுற்றுகின்றனவே, உண்மையா?

உண்மைதான். ஒரே அர்ரேயில் (மதிப்புகளின் பட்டியலில்) எண்ணும் சொல்லும் கலந்து கிடக்க இந்த மொழி இடம் கொடுக்கிறது. அதனால் நீங்கள் வேறு வழி சொல்லாதவரை, சார்ட் எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காக (எழுத்துத் தொடராக) மாற்றி எழுத்தெழுத்தாக ஒப்பிடும். "10" தொடங்குவது 1-இல், "9" தொடங்குவது 9-இல். அதனால் பத்து முந்துகிறது.

சிரிப்பை விடுங்கள், இது டெஸ்ட்டில் மாட்டாது என்பதுதான் ஆபத்து. 3, 1, 2 என்று ஒற்றை இலக்கங்களைப் போட்டுப் பார்த்தால் சரியாகவே வரும். நிஜ மதிப்பெண்கள் 35, 9, 100, 72 என்று வந்தால் ஏறுவரிசை 100, 35, 72, 9 ஆகிவிடும். குறை எண்களிலும் இதே கதை: -1 முதலில், -2 அதற்குப் பின்.

தீர்வு ஒரு வரி. இரண்டு மதிப்புகளை வாங்கி, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்துத் தரும் ஃபங்ஷனை சார்ட்டுக்குள் கொடுங்கள். கழிப்பதற்குப் பதில் "முதலாவது பெரியதா?" என்று கேட்டு ட்ரூ, ஃபால்ஸ் திருப்புகிறவர்கள் நிறைய பேர். ட்ரூ 1 ஆகும், ஃபால்ஸ் 0 ஆகும். "முதலாவது சிறியது" என்று சார்ட்டுக்குச் சொல்லும் குறை எண் வரவே வராது. பழைய குரோமில் 10 உறுப்புகள் வரை இது தற்செயலாக வேலை செய்தது. 2018-இல் குரோம் 70 டிம்சார்ட் என்ற வேறு வரிசைப்படுத்தும் முறைக்கு மாறியதும் அப்படி எழுதிய கோட் உடைந்தது.

விலைகள் ஃபார்மிலிருந்து வந்தால் அவை ஸ்ட்ரிங்தான். கழிக்கும்போது தானாக எண்ணாகும். ஆனால் "1,500" மட்டும் NaN (எண் அல்லாதது) ஆகும். சார்ட் அதைச் சமம் என்று எடுத்துக்கொள்வதால், எர்ரரே இல்லாமல் வரிசை குழம்பும். காற்புள்ளியை முதலிலேயே நீக்கிவிடுங்கள்.

சார்ட் மூல அர்ரேயையே மாற்றிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். நகல் தேவையென்றால், 2023-இல் வந்த டூசார்ட்டட் இருக்கிறது.

தமிழ்ப் பெயர்ப் பட்டியலுக்குக் கழித்தல் உதவாது. யூனிகோடு எண்வரிசையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. நம் அகரவரிசையில் அது கடைசி மெய். அங்கே மொழிக்கேற்ப ஒப்பிடும் லோகேல்கம்பேரை (localeCompare) கூப்பிட்டு, மொழி தமிழ் என்று குறிப்பிடுங்கள்.