மூன்று படிகளும் சாலை வரியும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் மகளுக்கு ஸ்கூட்டர் வாங்கினேன். வண்டியின் விலை 95,000 ரூபாய். ரசீதில் சாலை வரி என்று 9,500 ரூபாய் இருந்தது. 2023இல் வரியை ஏற்றாமல் இருந்திருந்தால் 7,600தான் ஆகியிருக்கும் என்று ஷோரூமில் சொன்னார்கள். 1,900 ரூபாய் கூடுதல். கட்டிவிட்டேன். ஆனால் புது வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் இரண்டு இடங்களில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. முதல்நாள் மழை. பள்ளம் எது, சாலை எது என்று தெரியவில்லை.

ஆளுங்கட்சி நிதி இல்லை என்கிறது, எதிர்க்கட்சி மக்கள் தலையில் சுமை என்கிறது. ஆட்சி மாறினால் வசனங்களையும் மாற்றிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, அங்கே பெட்ரோல் வரி தனிக் கணக்கில் போகிறது, சாலைக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் தவிர வேறு எதற்கும் எடுக்க முடியாது, அதனால் மக்கள் முணுமுணுக்காமல் கட்டுகிறார்கள் என்கிறான். இங்கும் அப்படி ஒரு தனி உண்டியல் வைத்தால் நானும் சந்தோஷமாகக் கட்டுவேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

செல்வம்

*

அன்புள்ள செல்வம்,

தம்பி சொன்னதில் தனிக் கணக்கு உண்மை. முணுமுணுக்காமல் கட்டுகிறார்கள் என்பதுதான் இல்லை.

ஐசனோவர் காலத்தில், 1956இல், நெடுஞ்சாலைகளுக்கென்று அமெரிக்க மத்திய அரசு ஒரு நிதியை ஏற்படுத்தியது. பெட்ரோல் வரி நேராக அதற்குள் விழும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1993இல் ஒரு காலன் (ஏறக்குறைய நான்கு லிட்டர்) பெட்ரோலுக்கு 18.4 சென்ட் என்று வைத்த வரி, முப்பது ஆண்டுகள் கடந்தும் ஏறவே இல்லை. தாரின் விலை ஏறியது, கூலி ஏறியது, கார்கள் குறைந்த பெட்ரோலில் அதிக தூரம் ஓடப் பழகின. வரியில் கைவைக்க மட்டும் இரு கட்சியிலும் ஆள் இல்லை. 2008இல் அந்த நிதி வறண்டு, பொதுக் கருவூலத்திலிருந்து எடுத்து ஊற்ற வேண்டிவந்தது. அதன்பிறகு பலமுறை ஊற்றிவிட்டார்கள். உண்டியலின் பூட்டு நன்றாகத்தான் இருந்தது. உள்ளே காசு இல்லை.

மாநிலங்களில் சண்டை இன்னும் கடுமை. மினசோட்டாவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த விவாதம் முழுவதும் அந்த ஒரு கதைக்குள் இருக்கிறது. 2007 மே மாதம், சாலைகளுக்காகப் பெட்ரோல் வரியை உயர்த்தும் மசோதாவை அம்மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் டிம் பாலென்டி ரத்து செய்தார். (அங்கே ஆளுநர் என்றால் தேர்தலில் வென்று வருபவர், நம்முடைய முதலமைச்சர் போல.) மூன்றே மாதத்தில், ஆகஸ்ட் 1ஆம் தேதி மாலை, அலுவலகம் விட்டு ஜனங்கள் வீடு திரும்பும் நேரத்தில், மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேலிருந்த நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். 2008 பிப்ரவரியில் அதே போன்ற மசோதா மறுபடி வந்தது. ஆளுநர் மறுபடி ரத்து செய்தார். இம்முறை அவருடைய குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆறு உறுப்பினர்களே எதிரணியோடு சேர்ந்து வாக்களிக்க, ரத்து செல்லாமல் போனது. 20 சென்ட்டாக இருந்த வரி படிப்படியாக 28.5 சென்ட் ஆனது.

வரி கொடுக்காததால் பாலம் விழுந்தது, பாலம் விழுந்ததால் வரி வந்தது என்று இதைப் பாடமாகச் சொல்பவர்கள் நிறைய. ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் விசாரணையின் முடிவு வந்தது. 1960களில் பாலத்தை வடிவமைத்தபோதே, இரும்புச் சட்டங்கள் கூடும் இடத்தில் அவற்றைப் பிணைக்கும் தகடுகள் சிலவற்றைத் தேவையான கனத்தில் பாதியாகப் போட்டுவிட்டார்கள். ஓர் அங்குலம் இருக்க வேண்டியது அரை அங்குலம். விழுந்த அன்று பாலத்தின் மேல் பழுதுபார்ப்பு வேலைக்காக மணலும் ஜல்லியும் குவித்து வைத்திருந்தார்கள். நாற்பது ஆண்டு தாங்கிய தகடு அந்தச் சுமையைத் தாங்கவில்லை. அதாவது, பராமரிப்புக்குப் பணம் இல்லாமல் விழுந்த பாலம் அல்ல அது. விழுந்த நேரத்தில் பராமரிப்பு வேலைதான் நடந்துகொண்டிருந்தது.

அப்படியானால் வரி உயர்வு தவறா? இல்லை. அந்த மாநிலத்தின் சாலைகளுக்குப் பணம் தேவைப்பட்டது, பாலம் விழுந்தாலும் விழாவிட்டாலும். தேவையான வரி ஒன்று தவறான சாட்சியைக் காட்டி வென்றது என்பதே உண்மை. சரியான சாட்சியோடு போனபோது, மே மாதத்தில், தோற்றது. எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது இதுதான்.

கலிபோர்னியா வேறு விதம். 2017இல் அங்கே காலனுக்கு 12 சென்ட் ஏற்றினார்கள். ஆதரித்து வாக்களித்த ஜாஷ் நியூமன் என்ற செனட்டரை அவருடைய தொகுதி மக்கள் 2018 ஜூனில் திரும்ப அழைத்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அதே நாளில் மாநிலம் முழுவதும், புது வரிப் பணத்தைப் போக்குவரத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்ற நிபந்தனையை அரசியல் சாசனத்தில் சேர்க்கப் பெருவாரியாக வாக்களித்தார்கள். நவம்பரில் அந்த வரியையே நீக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, வேண்டாம், வரி இருக்கட்டும் என்று சுமார் 57 சதவீதம் பேர் சொல்லிவிட்டார்கள். உங்கள் உண்டியல் யோசனைக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. என் வாதத்துக்கு இடைஞ்சல் என்பதற்காக அதை மறைக்கக் கூடாது அல்லவா. பூட்டு மக்களுக்கு ஒரு நிம்மதியைக் கொடுக்கிறது. சாலைக்கு என்ன கொடுக்கிறது என்பது தனிக் கேள்வி.

சரி, நம் ஊருக்கு வருவோம். உண்டியல் இங்கேயும் இருக்கிறது, அதுவும் அமெரிக்காவுக்கு முன்பே. சாலை வளர்ச்சி பற்றி ஆராய்ந்த ஜெயகர் குழுவின் பரிந்துரைப்படி 1929இல் பெட்ரோல் காலனுக்குக் கூடுதலாக இரண்டு அணா வரி போட்டு மத்திய சாலை நிதியைத் தொடங்கினார்கள். 2000இல் அதற்குப் புதுச் சட்டம் வந்தது, 2018இல் பெயரில் உள்கட்டமைப்பும் சேர்ந்தது. பெட்ரோல், டீசல் மீது வசூலாகும் சாலை செஸ் அதற்குள்தான் போகிறது. (செஸ் என்றால் ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் வரி.)

அந்த உண்டியல் செய்த காரியத்தைப் பாருங்கள். 2021 நவம்பரில் குறைப்பதற்கு முன், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசு வாங்கிய கலால் வரி 32 ரூபாய் 90 காசு. அதில் சாலை செஸ் மட்டும் 18 ரூபாய். சிறப்புக் கூடுதல் வரி 11 ரூபாய், வேளாண் செஸ் இரண்டரை ரூபாய். மாநிலங்களோடு பங்கிட்டாக வேண்டிய அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. செஸ்ஸிலும் கூடுதல் தீர்வையிலும் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது என்பது அரசியல் சாசனத்தின் 270ஆம் பிரிவு. சாலை நிதியிலிருந்து மாநிலங்களுக்கு ஓரளவு பணம் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது டெல்லி ஒப்புதல் கொடுக்கும் சாலைக்கு வரும் பணம். நம் சட்டமன்றம் உட்கார்ந்து, இந்த ஊருக்குப் பாலமா, அந்த ஊருக்குப் பேருந்தா என்று முடிவெடுக்கும் பணம் அல்ல. சாலைக்கென்று பூட்டிய உண்டியல்தான். சாவி வேறு ஊரில் இருக்கிறது.

அப்படிப் பங்கு குறைந்த மாநிலம் என்ன செய்யும்? தன் கைக்கு எட்டுவதை ஏற்றும். கைக்கு எட்டியது வண்டி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில், ஒரு லட்சம் வரையிலான இருசக்கர வாகனத்துக்கு எட்டு சதவீதம் பத்தானது, அதற்கு மேல் விலை என்றால் பன்னிரண்டு. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு இருபது சதவீதம். கார் விஷயத்தில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உங்கள் 1,900 ரூபாய் விஷயத்தில் இருக்கிறது.

"சாலை வரி" என்று நாம்தான் சொல்கிறோம். சட்டத்தில் அதன் பெயர் மோட்டார் வாகன வரி. சாலைக்குக் கைமாறாக வாங்கும் வரி என்ற கருத்து நம் உச்ச நீதிமன்றத்திலும் வெகுகாலம் இருந்தது. 1962இல் ராஜஸ்தான் வழக்கில் அப்படித்தான் பார்த்தார்கள். 2016இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தக் கைமாறுக் கொள்கையையே தள்ளிவிட்டது. ஆகவே, வரி கட்டினேன், சாலை எங்கே என்று ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்கலாம். பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த ரசீதில் இல்லை.

உண்மையில் சாலையைத் தேய்ப்பது யார்? 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இதற்கென்றே சாலைகளைப் போட்டு, இரண்டு ஆண்டுகள் லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அதில் கிடைத்த கணக்கைத்தான் உலகம் முழுவதும் சாலைப் பொறியாளர்கள் கையில் வைத்திருக்கிறார்கள்: வண்டியின் சக்கர அச்சின் மேல் சுமை இரண்டு மடங்கானால் சாலைக்குச் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு. உங்கள் மகளின் ஸ்கூட்டர் ஆயுள் முழுக்க ஓடினாலும் அந்தக் கணக்கில் ஒரு புள்ளிகூட விழாது. 2018 ஜூலையில் மத்திய அரசு, நான்கு டயர் கொண்ட லாரி அச்சு ஒன்றுக்கு அனுமதித்த சுமையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. கேட்பதற்கு ஒரு டன் சொச்சம். அதே கணக்கைப் போட்டால் சாலைத் தேய்மானம் சுமார் அறுபது சதவீதம் கூடும். லாரிகள் அதற்கு முன்பே அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டுதான் ஓடின, அதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள் என்பது அரசுத் தரப்பின் நியாயம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அந்தச் சுமை மாநிலச் சாலைகளிலும்தான் உருள்கிறது.

இதை எழுதினால் லாரி உரிமையாளர்கள் சண்டைக்கு வருவார்கள். காலாண்டு வரி, டீசல் வரி, சுங்கச்சாவடி என்று விரல் விட்டு எண்ணுவார்கள். லாரிக்கு ஏற்றினால் வெங்காய விலை ஏறும் என்பார்கள். ஏறும்தான். ஆனாலும் எடைக்கும் ஓடும் தூரத்துக்கும் ஏற்ப வரி போடுவதே நியாயம் என்று நினைக்கிறேன். பெட்ரோலே குடிக்காத மின்வாகனங்கள் பெருகும்போது வேறு வழியும் இருக்காது.

வரியே வேண்டாம் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வரி ஏறாவிட்டால் கட்டணம் ஏறும். 2018 ஜனவரியில் பேருந்துக் கட்டணத்தை ஒரே இரவில் ஏற்றினார்கள், மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், பத்து நாளுக்குள் கொஞ்சம் குறைத்தார்கள். 2021இல் வெளியான தமிழக அரசின் வெள்ளை அறிக்கை, அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 57 காசு நஷ்டம் என்றது. நஷ்டம் என்ற சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை. சாலை போடுவதை யாரும் நஷ்டம் என்பதில்லை, அதன் மேல் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓடும் பேருந்துக்கு மட்டும் அந்தப் பெயர். வண்டி வாங்க முடியாதவர்கள் மேல் போடும் வரிதான் டிக்கெட் உயர்வு. அதற்குப் பதில் உங்கள் 1,900 ரூபாயா, பெரிய காரின் இருபது சதவீதமா, லாரியின் எடையா என்று வெளிப்படையாகச் சண்டை போட்டால் அது நல்ல சண்டை. இங்கே நடப்பது சுமை, சுமை என்ற கூச்சல்தான்.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. புதுப் பாலத்துக்கு அடிக்கல் நாட்டுவார்கள், திறப்பு விழா நடத்துவார்கள், கல்வெட்டு வைப்பார்கள். பழைய பாலத்துக்கு பேரிங் மாற்றியதைக் கல்வெட்டில் பொறித்த அமைச்சரை நான் கண்டதில்லை.

நான் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது வாசலில் மூன்று படிகள் இருந்தன. தெருவில் சாலை போடும் ஒவ்வொரு முறையும் பழையதின் மேலேயே போட்டார்கள். முதலில் ஒரு படி போனது, பிறகு இன்னொன்று, கடைசியில் மூன்றாவதும். இப்போது மழை பெய்தால் தெருத் தண்ணீர் திண்ணைக்கு வருகிறது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் செங்கல் வைத்து ஒரு அணை கட்டியிருக்கிறார். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். எங்கள் தெருவுக்கு அது வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின.

போன வாரம் சுரண்டும் இயந்திரம் வந்தது. நாள் முழுக்கப் புழுதி, காது கிழியும் சத்தம். நான்கு தடவை போட்ட தார் அடுக்கடுக்காக, பலகாரக்கடை மைசூர்பாகை வெட்டியது போலத் தெரிந்தது. ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவர் அளவு நாடாவை வைத்து அளந்து, இவ்வளவுதான் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். இன்னும் ஓர் அடுக்கு எடுங்கள் என்று எதிர்வீட்டுக்காரரும் நானும் கேட்டோம். எஸ்டிமேட்டில் இல்லை என்றார். ஒரு படி திரும்பக் கிடைத்திருக்கிறது.