பேசிக்கொண்டிருந்தால் வெட்டு விழாதா?

கேள்வி: என் கணவர் ரோந்துப் பணியில் இருக்கும் தலைமைக் காவலர். மனநலம் பாதிக்கப்பட்ட ஒருவர் அரிவாள்மனையுடன் கூச்சலிடுவதாக வந்த அழைப்பின் பேரில் சென்றவர், அவரைப் பிடிக்கப் போய் முன்கையில் ஆறு தையலுடன் வீடு திரும்பினார். இப்போது மனநல ஆலோசகர் ஒருவரைக் கொண்டு, ‘முதலில் பேசிப் பாருங்கள்’ என்று வகுப்பு நடத்துகிறார்கள். பேசிக்கொண்டிருந்தால் அடுத்த வெட்டு கழுத்தில் விழாதா?
- வாசகி ஒருவர், புதுப்பேட்டை, சென்னை.

பதில்: தையல் போட்ட கைக்கு மருந்திட்டவர் கேட்கும் நியாயமான கேள்வி இது. அமெரிக்காவின் லூயிவில் நகரக் காவல்துறையில் 2019-இல் பதற்றம் தணிக்கும் பயிற்சியைப் பிரிவு பிரிவாக அளித்து, அதன் விளைவைச் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தபோது, பலப்பிரயோகம் ஏறத்தாழ 28 விழுக்காடும் பொதுமக்கள் அடைந்த காயங்கள் 26 விழுக்காடும் குறைந்திருந்தன. காவலர்கள் அடைந்த காயங்களோ 36 விழுக்காடு குறைந்திருந்தன. அங்கே இடுப்பில் துப்பாக்கி, இங்கே கையில் லத்தி என்பதால் எண்களை அப்படியே சென்னைக்குப் பொருத்த முடியாது. ஆனால் காரணம் பொருந்தும்.

பாய்ந்து வருபவரிடம் நின்று பேசும்படி எவரும் சொல்லவில்லை. மிரண்டு போனவருக்கு, நெருங்கி வரும் கை தன்னை அடிக்க வருவதாகவே படும். ஆகவே நிலைப்படிக்கு வெளியே, அரிவாள்மனை எட்டாத தொலைவில், பின்வாங்க வழி வைத்துக்கொண்டு நின்று, வாக்கி டாக்கியின் ஒலியைக் குறைத்து, ஒருவர் மட்டும் அவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பேச வேண்டும். உடன் வந்தவருக்கு வேறு வேலை: வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையும், ‘பிடிங்க சார்’ என்று பின்னாலிருந்து தூண்டும் உறவினரையும் அப்புறப்படுத்துவது. இதற்குக் கால் மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கலாம். அந்த நேரத்தைத் தர வேண்டியவர்கள் மேலதிகாரிகள். அடுத்த அழைப்புக்கு விரட்டிக்கொண்டே பொறுமையைப் போதிப்பதில் பயனில்லை என்பது என் கருத்து.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 100-ஆவது பிரிவின்படி, இவ்வாறு பாதுகாப்பில் எடுக்கப்படுபவரை எந்நிலையிலும் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது.

தங்கள் கணவர் அந்த நிகழ்ச்சிக்குப் பின் சரியாக உறங்குகிறாரா என்பதைத் தாங்கள் எழுதவில்லை. இரவில் திடுக்கிட்டு விழிக்கிறார் என்றால், 14416 என்ற, அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அவர் தயங்கினால் முதல் அழைப்பைத் தாங்களே செய்யுங்கள்.